புதுப்பிப்பு: நேஷனல்ஸ் பேஸ்பால் அணி, ஆல்-ஸ்டார் இடைவேளை (பருவத்தின் நடுவே வரும் ஓய்வு) நிலவரம் (ஜூலை 2019)

மே மாத இறுதியில், 19 வெற்றி 31 தோல்வி என்று வாஷிங்டன் நேஷனல்ஸ் தத்தளித்தபோது, மேலாளர் டேவ் மார்ட்டினெஸை நீக்குவதால் பயனில்லை என்று இங்கே எழுதியிருந்தேன். இப்போது கணக்கு 47 வெற்றி, 42 தோல்வி. அதாவது, அதன் பிறகு ஆடிய 39 ஆட்டங்களில் 28 வெற்றி!

காரணம், ஆட்டத்தைத் தொடங்கிப் பெரும்பகுதி வீசும் தொடக்கப் பந்துவீச்சாளர்கள்தான். அவர்களில் ஒருவரான மேக்ஸ் ஷெர்ஸரை என்னவென்று சொல்வது? ஜூன் 18 அன்று பேட்டிங் பயிற்சியில் பந்து பட்டு மூக்கு உடைந்தது. மறுநாளே, கண்ணைச் சுற்றிக் கருத்த வீக்கத்தோடு வந்து, பிலடெல்பியா அணிக்கு எதிராக, ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸில் ஏழை வீசினார். ஒரு ரன்கூடத் தரவில்லை, பத்துப் பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார், அதாவது பந்தை அடிக்கவிடாமலே வெளியேற்றினார். நம் அணியை விட்டு பிரைஸ் ஹார்ப்பர் 33 கோடி டாலர் ஒப்பந்தத்தில் போய்ச் சேர்ந்த அணி அது என்பதில் எனக்குக் கூடுதல் மகிழ்ச்சி. பேட்டிங்கில் ரெண்டனும் சோட்டோவும் அடித்து நொறுக்குகிறார்கள்.

கவலை, தொடக்கக்காரர் ஓய்ந்ததும் வந்து வீசும் மாற்றுப் பந்துவீச்சாளர்கள்மேல்தான். ஏழாவது இன்னிங்ஸுக்குப் பிறகு எந்த முன்னிலையும் ஓட்டைப் பானைத் தண்ணீர். நல்ல ஆட்களை வேறு அணிகளிடமிருந்து பெற, வீரர் பரிமாற்றத்துக்கு ஜூலை 31 கடைசி நாள். முன்பு ஆகஸ்டிலும் பரிமாற ஒரு வழி இருந்தது; இந்த ஆண்டு முதல் அதுவும் அடைபட்டுவிட்டது. எங்கள் பிரிவில் அட்லாண்டா அணி ஆறு ஆட்டங்கள் முன்னே நிற்கிறது. பிரிவில் முதலிடம் பிடிக்காத அணிகளும் இறுதிச் சுற்றுகளுக்குள் நுழைய உதவும் வைல்ட் கார்டு கிடைக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் அதில் ஒரே ஆட்டம். தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.