செம்பனைக் கம்பெனி ஷேர்: கியரிங்கை எப்படிப் பார்ப்பது? (அனுபவப் பகிர்வு)

சுங்கை சிப்புட் கிராணி:
"கியரிங் (கடனை ஈக்விட்டியால், அதாவது பங்குதாரர்களின் பணத்தால் வகுத்த எண்) 0.5தானே, பயமில்லை." இபிஎஃப் பணத்தைத் தோட்டக் கம்பெனி ஷேரில் போட நினைப்பவர்கள் நம் ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளில் இப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். அந்த 0.5 எங்கிருந்து வந்தது என்று ஒரு தடவையாவது நாமே கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

காலாண்டு முடிந்து 2 மாதத்துக்குள் அறிக்கை பங்குச் சந்தையான புர்சா மலேசியாவின் தளத்தில் வந்துவிடும். குறுகிய காலக் கடன், நீண்ட காலக் கடன், குத்தகைப் பொறுப்பு மூன்றையும் கூட்டுங்கள். குத்தகையை விட்டுவிடாதீர்கள்; 2019 முதல் எம்எஃப்ஆர்எஸ் 16 என்ற மலேசியக் கணக்கியல் தரம் அதையும் ஐந்தொகைக்குள் கொண்டுவந்துவிட்டது.

ஒரு கணக்கு: 120 + 180 + 20 = 320 மில்லியன் வெள்ளி கடன். ஈக்விட்டி 400 மில்லியன். கியரிங் 0.80. ரொக்கம் 60 மில்லியனைக் கழித்தால் நிகர கியரிங் 0.65. கழிக்கும் முன் அறிக்கையின் பின்னால் வரும் குறிப்பைப் படியுங்கள். பேங்கில் அடகு வைத்த வைப்புத்தொகை அந்த 60க்குள் இருந்தால், அவசரத்துக்கு அதை எடுக்க முடியாது.

இப்போது நிலத்தை மறுமதிப்பீடு செய்கிறார்கள். வரிக்கு ஒதுக்கியது போக 240 மில்லியன் ஈக்விட்டியில் ஏறுகிறது. 320ஐ 640ஆல் வகுத்தால் 0.50! கடனில் ஒரு காசு குறையவில்லை, வட்டியும் அப்படியே இருக்கிறது. மறுமதிப்பீட்டு இருப்பை (இங்கே அந்த 240ஐ) எடுத்துவிட்டு இன்னொரு தடவை வகுங்கள். நம்ப வேண்டியது அந்த எண்ணைத்தான்.

குலைக்கணக்கு:
அண்ணன் சொன்னது சரி. வட்டி கட்டுவது நிலம் அல்ல, செம்பனைப் பழக்குலை. அதனால் செயல்பாட்டு லாபத்தை வட்டிச் செலவால் வகுத்துப் பாருங்கள். 2 மடங்கு எனக்குப் போதாது. 2022 மார்ச்சில் டன்னுக்கு 7,000 வெள்ளியைத் தாண்டிய பாமாயில், அதே வருடம் செப்டம்பரில் 4,000க்குக் கீழே கிடந்தது.

இங்கே கண்ணைக் கட்டும் இடங்கள் இரண்டு. மரத்தில் இன்னும் வெட்டாத குலையின் மதிப்பு ஏறினால் அதுவும் லாபத்தில் சேரும், பணம் வராது. இளங்கன்றுத் தோட்டத்துக்கு வாங்கிய கடனின் வட்டியைச் செலவில் காட்டாமல் சொத்தோடு சேர்த்திருப்பார்கள். பணப்புழக்க அறிக்கையில் உண்மையாகக் கட்டிய வட்டி இருக்கும், அதைச் செயல்பாட்டுப் பணவரவோடு ஒப்பிடுங்கள். சில கம்பெனிகள் அதைச் செயல்பாட்டுப் பகுதியிலேயே கழித்திருக்கும். அப்படியானால் திரும்பக் கூட்டிவிட்டு ஒப்பிடுங்கள்.

ஆண்டறிக்கையில் மர வயது அட்டவணை இருந்தால் கட்டாயம் பாருங்கள். 25 வயது நெருங்கிய மரம் நிறைய என்றால் மறுநடவு வருகிறது. நட்டு ஏறக்குறைய 3 வருடம் குலை கிடையாது. உரமும் களையெடுப்பும் நிற்காது. இன்று குறைவாகத் தெரியும் கடன் அந்த 3 வருடத்தில்தான் ஏறும்.

ஓபிஆர் கவனிப்பவர்:
மிதக்கும் வட்டிக் கடன் (பேங்க் நெகாராவின் அடிப்படை வட்டியான ஓபிஆரோடு ஏறி இறங்கும் கடன்) எவ்வளவு என்பதையும் எழுதி வையுங்கள். 2022 மே தொடக்கத்தில் 1.75 விழுக்காடாக இருந்த ஓபிஆர், 2023 மே மாதத்தில் 3.00 ஆனது. 200 மில்லியன் மிதக்கும் கடன் என்றால் வருடத்துக்கு 2.5 மில்லியன் கூடுதல் வட்டி.

நிரந்தர சுக்குக் (முதிர்வுத் தேதி இல்லாத இஸ்லாமியப் பத்திரம்) ஈக்விட்டியில் உட்கார்ந்திருந்தால் அதைக் கடன் பக்கம் தள்ளிக் கணக்குப் போடுங்கள். நீண்ட காலக் கடன் திடீரென்று குறுகிய காலத்துக்கு மாறியிருந்தால், பேங்க் நிபந்தனை மீறப்பட்டதா என்று குறிப்பில் தேடுங்கள். பிஎன்17 (நிதி நெருக்கடிக் கம்பெனிகளுக்கான புர்சா விதி) வரும்வரை காத்திருந்தால் தாமதம்தான்: அதன் ஈக்விட்டி அளவுகோலைப் பார்த்தால், ஈக்விட்டி பங்கு மூலதனத்தில் 25 விழுக்காடு அல்லது அதற்கும் கீழே போய், 40 மில்லியனுக்கும் குறைந்த பிறகுதான் அந்த அளவுகோல் பாயும். அதற்குள் ஷேர் விலை விழுந்திருக்கும்.

சுங்கை சிப்புட் கிராணி:
தம்பி, நீண்ட காலக் கடன் குறுகிய காலத்துக்கு மாறுவது காலாண்டு அறிக்கையிலேயே தெரியும். குழுமக் கடன் என்ற குறிப்பில் அடமானம் உள்ளது, இல்லாதது, வெளிநாட்டு நாணயம் எல்லாம் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். நான்கு காலாண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.