நிலா ஜெல்லிமீனின் குடையில் ஓட்டை, இன்னொன்று திரும்பிக்கொண்டது: என்ன செய்வது?

கேட்டவர்:
வணக்கம். 60 லிட்டர் வட்டத் தொட்டியில் மூன்று நிலா ஜெல்லிகள் வைத்திருக்கிறேன். வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. நேற்று ஒன்றின் குடை உச்சியில் பட்டாணி அளவு ஓட்டை தெரிந்தது. இன்னொன்று பெருங்காற்றில் குடை திருப்பிக்கொள்ளுமே, அப்படி மேல்நோக்கி மடிந்து கிடக்கிறது. துடிப்பும் மெதுவாகிவிட்டது. மூன்றாவது நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஃபில்டர் வலையில் போய் ஒட்டிக்கொள்கிறது. உப்புத்தன்மை 1.024, வெப்பம் 27 டிகிரி. தினமும் ஒரு வேளை ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும் மிகச் சிறிய இறால் போன்ற உயிர்) குஞ்சு கொடுக்கிறேன். ஆக்சிஜன் போதாதோ என்று அடியில் ஏர் ஸ்டோனும் (காற்றைக் குமிழிகளாக விடும் கல்) போட்டேன். எதில் தப்பு செய்தேன்? மூன்றையும் காப்பாற்ற வேண்டும்.

பதில் 1:
முதல் வேலையாக அந்த ஏர் ஸ்டோனை நிறுத்துங்கள். மீன் தொட்டிக்கு அது நல்லது, ஜெல்லிக்கு ஆகாது. குமிழி குடைக்கு அடியில் மாட்டிக்கொண்டால் வெளியே தள்ள அதற்கு வழியில்லை. காற்று மேலே போகத்தான் பார்க்கும், போகிற வழியில் சதையைக் கிழித்துக்கொண்டு உச்சியில் வெளிவரும். டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பாருங்கள், குமிழி இன்னும் இருக்கிறதா? கழிவிலிருந்து வரும் நச்சுகளான அம்மோனியா, நைட்ரைட் அளவையும் சொல்லுங்கள். ஜெல்லியை விடுவதற்கு முன் தொட்டி எத்தனை நாள் ஓடியது?

கேட்டவர்:
பார்த்தேன். ஓட்டைக்குப் பக்கத்தில் கடுகு அளவில் நான்கு குமிழிகள் பளபளவென்று இருக்கின்றன. அம்மோனியா 0.5, நைட்ரைட் 0.25. தொட்டி ஒரு வாரம்தான் ஓடியது.

பதில் 1:
அப்படியானால் ஓட்டைக்குக் காரணம் தெரிந்துவிட்டது. ஒரு கிண்ணத்தால் ஜெல்லியைத் தண்ணீருக்குள்ளேயே மெல்லச் சாய்த்து, குமிழி விளிம்பு வழியாக நழுவ விடுங்கள். எக்காரணம் கொண்டும் தண்ணீரை விட்டு வெளியே தூக்காதீர்கள். உடம்பில் 95 சதவீதம் தண்ணீர்தான், தாங்க ஆளில்லாமல் தன் எடையாலேயே நசுங்கிவிடும். ஆக்சிஜனுக்கு நீர்ப்பரப்பு லேசாக அசைந்தாலே போதும். குமிழி போய்விட்டால் ஓட்டை தானாக மூடவும் வாய்ப்பு உண்டு.

பதில் 2:
திரும்பிக்கொண்டதற்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீர்தான். கழிவை உடைக்கிற பாக்டீரியா நிலைகொள்ள நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். ஒரு வாரத்தில் அது நடக்காது. இப்போது தினமும் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். புதுத் தண்ணீர் குளோரின் நீக்கியதாகவும், அதே உப்புத்தன்மை, அதே வெப்பத்திலும் இருக்க வேண்டும்.

அப்புறம் தீனி. போட்ட பிறகு அரை மணி நேரம் கழித்து நடுவில் வயிறு ஆரஞ்சு நிறமாகத் தெரிந்தால் தின்றிருக்கிறது. மிச்சமிருப்பதைக் குழாயால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள், அழுகினால் அம்மோனியாதான். முட்டையிலிருந்து பொரிந்த ஆர்ட்டீமியாவை ஓட்டோடு கொட்டுகிறீர்களா? விளக்கை ஒரு பக்கம் வையுங்கள். குஞ்சுகள் வெளிச்சத்துக்கு வரும், வெற்று ஓடு மேலே மிதக்கும், குஞ்சுகளை மட்டும் உறிஞ்சிக்கொள்ளலாம்.

27 டிகிரியும் கொஞ்சம் அதிகம். 24-க்குக் கீழே கொண்டுவாருங்கள், ஒரு நாளைக்கு ஒரு டிகிரி வீதம். குளிர்விப்பான் வைக்க வழியில்லாதவர்கள் அடுத்த முறை கேசியோபியா என்ற ஜெல்லி வகையை யோசிக்கலாம். தலைகீழாக அடியில் படுத்திருக்கும், இந்த வெப்பம் அதற்கு ஒத்துவரும். உடம்பில் பாசி வாழ்வதால் நல்ல வெளிச்சம் மட்டும் வேண்டும்.

பதில் 3:
வலையில் ஒட்டுவதை யாரும் சொல்லவில்லையே! இந்த வகைத் தொட்டிக்குக் கிரைசல் என்று பெயர், ஜெர்மனில் பம்பரம் என்று பொருள். தண்ணீரே பம்பரம் மாதிரி மெதுவாகச் சுழல வேண்டும். பம்பிலிருந்து வரும் நீர் வலையை ஒட்டி வழிந்தால், அருகே வரும் ஜெல்லியை அது தள்ளிவிடும். உங்கள் குழாயின் துளைகள் வேறு பக்கம் பார்க்கின்றன என்று நினைக்கிறேன். துளைகளை வலைப்பக்கம் திருப்பி, வேகத்தைக் குறையுங்கள். ஜெல்லி அடியில் படியாமலும் கறங்கு மாதிரி சுற்றாமலும் மிதந்தால் அளவு சரி.

கேட்டவர்:
திரும்பியதைக் கையால் நிமிர்த்தலாமா?

பதில் 3:
வேண்டாம், விளிம்பு கிழியும். தண்ணீர் சரியானால் தானாகவே நிமிர்ந்துகொள்ளும் ஜெல்லிகள் உண்டு. எல்லாம் மீளும் என்று உறுதி சொல்ல முடியாது.

கேட்டவர் (ஒன்பது நாள் கழித்து):
அனைவருக்கும் நன்றி. அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் இன்னும் லேசாகக் காட்டுகிறது. பட்டாணி அளவு ஓட்டை இப்போது மிளகு அளவுக்கு வந்துவிட்டது. குழாயைத் திருப்பிய அன்றே மூன்றாவது வலைப்பக்கம் போவதை விட்டது. மடிந்த ஜெல்லியின் ஒரு பக்க விளிம்பு இன்று காலை கீழே இறங்கியிருந்தது. துடிக்கும்போது அந்தப் பக்கம் மட்டும் அழகாகச் சுருங்கி விரிகிறது. அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். இன்னும் இரண்டு ஜெல்லி சேர்க்கலாமா?

பதில் 2:
நல்ல செய்தி! சேர்ப்பதைத் தள்ளிப்போடுங்கள். நைட்ரைட்டும் பூஜ்யமாகி இரண்டு வாரம் அப்படியே நிற்கட்டும். 60 லிட்டருக்கு மூன்றே போதும், அவை இன்னும் வளரும்.