ரத்தான விமானம், வராத பணம்: யாரைப் பிடிப்பது?

வில்லாபுரத்தான் | 8 அக்டோபர் 2025, காலை 9:10
தங்கச்சி மகளுக்கு மும்பை தாராவியில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், அந்தத் தாய்மாமன் நான். ஆகஸ்ட் 22 மதியம் 2 மணிக்கு மதுரையில் இருந்து விமானம், நாலு டிக்கெட், ஆன்லைன் தளம் ஒன்றில் போட்டேன். டிக்கெட் 21,460, கன்வீனியன்ஸ் ஃபீஸ் தலைக்கு 350, ஆக மொத்தம் 22,860. அன்று காலை 6:12க்கு ஏர்லைனில் இருந்து மெசேஜ், ஆபரேஷனல் காரணங்களால் விமானம் ரத்து. சீர்த்தட்டெல்லாம் கூடத்தில் கட்டி வைத்திருக்கிறது, பாப்பா கொலுசு உட்பட. அப்புறம் என்ன, ராத்திரி ஆம்னி பஸ்ஸில் சென்னை, அங்கிருந்து தலைக்கு ஒன்பதாயிரம் கொடுத்துப் போய்ச் சேர்ந்தோம், அது தனிக் கதை.
இன்றோடு 47 நாள். ஏர்லைனைக் கேட்டால் "ஏஜென்டுக்கு அனுப்பிவிட்டோம்". தளத்தைக் கேட்டால் "ஏர்லைனிடம் இருந்து வரவில்லை". நான் யார் சட்டையைப் பிடிப்பது?

மேலூர் மைனர் | காலை 9:32
எத்தனை தடவை சொல்வது, ஏர்லைன் தளத்திலேயே நேராகப் போடுங்கள் என்று. கூப்பன் போட்டால் 400 ரூபாய் மிச்சம் என்று போனீர்கள், இப்போது 22 ஆயிரம் அந்தரத்தில்.

வில்லாபுரத்தான் | காலை 9:40
அண்ணே, நான் கேட்டது அது இல்லை. (கூப்பன் 600 ரூபாய்க்கு.)

டிக்கெட் அண்ணாச்சி | காலை 10:05
டவுன்ஹால் ரோட்டில் 19 வருஷமாக டிக்கெட் போடுகிறவன், அதனால் ஏஜென்ட் பக்கத்தையும் யாராவது கேளுங்கள். வாடிக்கையாளர் காசு எங்கள் கல்லாவில் தூங்குகிறது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். குறைந்த கட்டண ஏர்லைன் என்றால் நாங்கள் முன்கூட்டியே அவர்கள் வாலட்டில் டெபாசிட் போட்டுத்தான் டிக்கெட் எடுக்கிறோம், ரத்தானால் காசு திரும்புவதும் அந்த வாலட்டுக்கே, பேங்குக்கு இல்லை. மற்ற ஏர்லைன் என்றால் பெரும்பாலும் பிஎஸ்பி, அதாவது ஐயாட்டா என்ற உலக விமான நிறுவனங்கள் சங்கத்தின் கணக்குத் தீர்க்கும் முறை. அதில் ரீஃபண்டுக்கு மனுப் போட்டு, அவர்கள் ஒப்புக்கொண்டு, அடுத்த பில்லில் கழிப்பார்கள். நடுவில் கன்சாலிடேட்டர், அதாவது சின்ன ஏஜென்டுகளுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் பெரிய ஏஜென்ட், என்று ஒருவர் இருந்தால் இன்னொரு கை மாறும். 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் திவால் மனுப் போட்டுப் பறப்பதை நிறுத்தியபோது வாலட்டில் கிடந்த ஏஜென்ட் காசுக்கு என்ன ஆனது? வாசலில் வந்து கத்தியவர்களுக்குப் பதில் சொன்னது நாங்கள்தான். மைனருக்கும் ஒன்று, அன்றைக்கு அவர்கள் தளத்திலேயே நேராகப் போட்டவர்களும் மாட்டிக்கொண்டுதான் நின்றார்கள்.
தம்பி, பொறுமையாக இருங்கள். ஏஜென்ட் டிக்கெட்டுக்கு 30 வேலை நாள் அவகாசம் உண்டு.

ஆரப்பாளையம் அக்கா | காலை 10:48
30 வேலை நாள் சரி, ஆனால் அதே விதியின் அடுத்த பாதியை அண்ணாச்சி முழுங்கிவிட்டார். விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதியில் இருப்பது இதுதான்: ஏஜென்ட் மூலமோ தளம் மூலமோ வாங்கிய டிக்கெட்டாக இருந்தாலும் பணத்தைத் திருப்பும் பொறுப்பு விமான நிறுவனத்துடையது, ஏனென்றால் அந்த ஏஜென்டை நியமித்ததே அவர்கள். 30 வேலை நாளுக்குள் முடிக்க வேண்டியதும் அவர்கள்தான். "ஏஜென்டுக்கு அனுப்பிவிட்டோம்" என்பதோடு கை கழுவ முடியாது. வில்லாபுரம் தம்பி, நீங்கள் தளத்தின் கால் சென்டரோடு மல்லுக்கட்டுவதே வீண். ஏர்லைனில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு மெயில் போடுங்கள், மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் பதியுங்கள், நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் பண்ணுங்கள்.
பிறகு நாள் கணக்கு. சனி, ஞாயிறு போக எண்ணினால் அக்டோபர் 3 வெள்ளிக்கிழமையே 30 முடிந்தது.

டிக்கெட் அண்ணாச்சி | காலை 11:15
எப்படி முடியும்? ஆகஸ்ட் 27 பிள்ளையார் சதுர்த்தி, செப்டம்பர் 5 மிலாடி நபி, அக்டோபர் 1 ஆயுத பூஜை, 2 காந்தி ஜெயந்தி. நாலு நாளைக் கழித்தால் 30ஆவது நாள் அக்டோபர் 9, நாளை. இன்றைக்கே ஏன் குதிக்கிறீர்கள்?

ஆரப்பாளையம் அக்கா | காலை 11:19
பிள்ளையார் சதுர்த்திக்கு விமானம் பறக்கவில்லையா அண்ணாச்சி? டிக்கெட் விற்கும்போது 365 நாளும் வேலை நாள், காசைத் திருப்பும்போது மட்டும் பஞ்சாங்கம் பார்ப்பீர்களோ.

பேங்க் தம்பி | மதியம் 12:30
கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் சார்ஜ்பேக் போடலாம், பேங்கே வணிகரைக் கேள்வி கேட்கும். யூபிஐ என்றால் அந்த அளவுக்குப் பிடி இல்லை. எதில் கட்டினீர்கள்? "பணம் போட்டாச்சு" என்று யாராவது சொன்னால் 12 இலக்க ஆர்ஆர்என், அதாவது பேங்கின் பரிவர்த்தனை எண், கேளுங்கள். அது இல்லாத "போட்டாச்சு" வெறும் வாய்ப்பேச்சு.

வில்லாபுரத்தான் | மதியம் 12:52
யூபிஐதான். இன்னொன்று, இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அன்று காலை தளத்துக்குப் போன் போட்டேன். அந்தப் பொண்ணு "ஆப்பில் கேன்சல் பட்டனை அழுத்தினால்தான் சார் ரீஃபண்ட் ஆரம்பிக்கும்" என்றது, 7:40க்கு அழுத்தினேன். இப்போது ஆப்பில் பார்த்தால் "பயணி ரத்து" என்று இருக்கிறது, டிக்கெட்டுக்கு 3,500 வீதம் 14,000 பிடித்தம், வர வேண்டியது 7,460.

ஆரப்பாளையம் அக்கா | மதியம் 12:58
அட கடவுளே. அந்தப் பட்டனைத் தொடவே கூடாது! விமானம் ரத்து என்று மெசேஜ் வந்தால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம், இரண்டில் எது வேண்டும் என்று எழுத்தில் கேட்க வேண்டும். நாமே கேன்சல் போட்டால் அவர்கள் தப்பு நம் தப்பாகிவிடும். 6:12 மெசேஜை அழித்துவிடாதீர்கள், 7:40க்கு ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே விமானம் இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி. புறப்பட எட்டு மணி நேரம்கூட இல்லாதபோதுதான் சொல்லியிருக்கிறார்கள். ஒழுங்கான மாற்று விமானமும் தராமல், அசாதாரணக் காரணமும் இல்லாவிட்டால் நஷ்டஈடும் உண்டு: பறக்கும் நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500 அல்லது 10,000, இல்லையென்றால் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, எது குறைவோ அது.

டிக்கெட் அண்ணாச்சி | மதியம் 1:30
நஷ்டஈடு கதையெல்லாம் காகிதத்தில். "அசாதாரணக் காரணம்" என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது. பட்டனைப் பற்றி அக்கா சொல்வது சரி, எங்கள் கடையில் யாரையும் அழுத்த விடமாட்டோம். ஏர்லைன் சிஸ்டத்தில் ரத்து என்று ஏறுவதற்குள் ஏஜென்ட் பக்கம் கேன்சல் போய்விட்டால் கம்ப்யூட்டர் அதைப் பயணி ரத்தாகத்தான் எடுத்துக்கொள்ளும். ஆனால் ஒரு கால் சென்டர் பொண்ணு தெரியாமல் சொன்னதற்கு ஏஜென்டுகள் எல்லாரும் திருடர்கள் என்றால் எப்படி?

ஆரப்பாளையம் அக்கா | மதியம் 1:44
எல்லாரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 2020 ஊரடங்கில் ரத்தான டிக்கெட் பணத்தில் சுமார் 2.5 கோடியை 2024 வரை ஒரு பெரிய தளம் வைத்திருந்து, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அந்த ஜூனில் உத்தரவு போட வேண்டி வந்தது. ஊரடங்கு டிக்கெட்டுகளுக்கு ரீஃபண்ட் எப்படித் தர வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2020 அக்டோபர் 1ஆம் தேதியே தீர்ப்பு சொல்லியாகிவிட்டது, ஏஜென்ட் டிக்கெட்டையும் சேர்த்துத்தான். நாலு வருஷமும் கால் சென்டர் பொண்ணுக்குத் தெரியாமலா போயிற்று?

மேலூர் மைனர் | மதியம் 2:10
இந்தக் காசுக்காகக் கேஸ் போட குர்கான் வரை போக முடியுமா? தளத்தின் விதிமுறையில் வழக்கெல்லாம் அங்கேதான் என்று போட்டிருக்கும்.

ஆரப்பாளையம் அக்கா | மதியம் 2:21
போட்டிருந்தால் என்ன? 2019 நுகர்வோர் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, மதுரை மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். ஏர்லைன், தளம் இரண்டையும் எதிர்தரப்பாகச் சேர்க்க வேண்டும், ஒன்றை விட்டால் மற்றது அதைக் கை காட்டும்.

வில்லாபுரத்தான் | 9 அக்டோபர், மாலை 6:35
அண்ணாச்சி கணக்குப்படியும் இன்றோடு 30 முடிந்தது. நேற்று ராத்திரியே ஏர்லைன் நோடல் அதிகாரிக்கு மெயில் போட்டேன், 6:12 மெசேஜ் ஸ்கிரீன்ஷாட்டோடு. மத்தியானம் பதில் வந்துவிட்டது: ஏஜென்ட் வாலட்டுக்கு முழுத்தொகை 21,460ஐ செப்டம்பர் 4ஆம் தேதியே போட்டுவிட்டார்களாம்! பிடித்தமே இல்லை! மூன்றரை மணிக்குத் தளத்தில் இருந்து தானாகவே போன், 14,000க்குப் பதில் 10,000 ரூபாய் வவுச்சர் தருகிறோம் என்றார்கள், வேண்டாம் என்றேன். ஐந்து மணிக்கு 7,460 மட்டும் பேங்கில் ஏறியிருக்கிறது.

டிக்கெட் அண்ணாச்சி | மாலை 7:02
ஏர்லைன் முழுசாகக் கொடுத்திருக்கிறது, நடுவில் 14,000 நிற்கிறது என்றால் அதற்கு நான் வக்காலத்து வாங்க முடியாது தம்பி. அந்தப் பதில் மெயிலை அப்படியே தளத்துக்கு அனுப்பி, செப்டம்பர் 4 என்ற தேதியைத் தடித்த எழுத்தில் போடுங்கள். வவுச்சருக்குச் சரி என்று வாய் தவறிக்கூடச் சொல்லிவிடாதீர்கள்.

ஆரப்பாளையம் அக்கா | மாலை 7:10
ஏர்லைனுக்கும் ஒரு நகல் போகட்டும். பொறுப்பு இன்னும் அவர்களுடையதுதான், அதில் நான் மாறவில்லை.

டிக்கெட் அண்ணாச்சி | மாலை 7:13
காசைக் கொடுத்தவனை ஏன் மறுபடி இழுக்கிறீர்கள்?

ஆரப்பாளையம் அக்கா | மாலை 7:15
கொடுத்தது யாரிடம், தம்பியிடமா?