கேர் பிளானில் 'பயனாளியின் இலக்கு' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

கொருக்குப்பேட்டை மாணவி:

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) இரண்டாம் வருடம் படிக்கிறேன். இந்த செமஸ்டரில் மனநலப் பராமரிப்பில் ரெகவரி அணுகுமுறை என்று ஒரு பேப்பர், கூடவே வடசென்னையில் ஃபீல்டு ஒர்க், அதில் வீட்டுக்குப் போய் நோயாளிக்குக் கேர் பிளான் (பராமரிப்புத் திட்டம்) ஃபார்ம் நிரப்பணும். பேப்பரைப் பற்றிப் பயம் இல்லை. நோய்க்குறி முழுக்கப் போனால்தான் குணம் என்று இல்லை, கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் மனநிறைவோடு, நம்பிக்கையோடு, நாலு பேருக்கு உபயோகமாக வாழ முடிவதும் குணம்தான் என்று அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் ஆந்தனி 1993இல் எழுதியதையும், ரெகவரிக்கு எவை தேவை என்று 2011இல் வந்த சைம் (CHIME) சட்டகத்தின் ஐந்து அம்சங்களையும் (உறவு, நம்பிக்கை, அடையாளம், வாழ்வின் அர்த்தம், தன் கையில் அதிகாரம்) தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

சிக்கல் வீட்டுக்குப் போனால்தான். காசிமேடு பக்கம் ஒரு குடும்பம், ஆள் தெரியாமல் இருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். முப்பது வயதைத் தாண்டிய மகன், ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்), சிகிச்சையில் இருக்கிறார், குரல் கேட்பது பெரும்பாலும் அடங்கிவிட்டது. ஒரே ரூம், அதில் ஐந்து பேர். "உங்களுக்கு என்னண்ணா செய்யணும்னு ஆசை?" என்று அவரிடம் கேட்டால் அம்மா பதில் சொல்கிறார்: "மாத்திரைய ஒழுங்கா போட்டா போதும்மா, வேற என்ன ஆசை அவனுக்கு." அவர் செல்போன் கவரைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறார். கட்டத்தை நிரப்பாமல் ஃபார்மைக் கொடுக்கவும் முடியாது. 'மருந்தை ஒழுங்காக உட்கொள்வது' என்று எழுதிவிட்டு வந்துவிடலாம், எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் அது அம்மாவின் இலக்கு, அவருடையது இல்லையே. தனி ஆளை மையமாக வைத்து வெளிநாட்டில் உண்டான இந்த முறை நம் வீடுகளுக்கு ஒத்துவருமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மூலக்கடை சோஷியல் ஒர்க்கர்:

தங்கச்சி, முதலில் கேள்வியை வீட்டுக்குள் வைத்துக் கேட்காதே. ஐந்து பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது உன் ஆசை என்ன என்று கேட்டால் எனக்கே பதில் வராது. "ஒரு டீ குடிச்சிட்டு வரலாமாண்ணா" என்று வெளியே கூட்டிப் போ. அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போகணும், அது முக்கியம். அப்புறம் ஆசை, இலக்கு, கனவு மாதிரி வார்த்தையெல்லாம் வேண்டாம். முன்னே காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க, யார்கூட வேலைக்குப் போவீங்க, இப்போ எதைச் செய்யப் போனா வீட்ல வேணாம்னு சொல்றாங்க, இந்த மாதிரி கேள். கடைசிக் கேள்வியில்தான் எப்போதும் விஷயம் வரும்.

நான் பார்த்த ஒருவர் துறைமுகத்தில் ஐஸ் உடைத்து மீனோடு பெட்டி கட்டும் வேலை பார்த்தவர். பல மாதம் "ஒண்ணும் வேணாம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள் பேச்சுவாக்கில், "மூணு மணிக்கு முழிப்பு வந்தா ஏலத்துக்குப் போயிடுவேன், ராத்திரி மாத்திரை அமுக்கிடுது" என்றார். கேர் பிளானில் அதை அப்படியே அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதினேன். இப்போது மருந்துப் பேச்சே வேறு மாதிரி ஆகிவிட்டது பார். மருந்து போடுகிறாரா என்ற கேள்வி போய், அதிகாலையில் எழ முடிகிற மாதிரி நேரத்தையோ அளவையோ மாற்ற வழி உண்டா என்று டாக்டரிடம் கேட்கிற கேள்வி வந்தது. (டாக்டர்தான் மாற்றணும், படிக்கிறவர்கள் யாரும் நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள்.) மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் 61 நாள், அந்த நேரத்தில் வேலை கேட்டு அலைந்து பிரயோஜனம் இல்லை, அதனால் ஜூன் நடுவில் போட் கிளம்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அவரே சொன்னார். திட்டம் போட்டது அவர், எழுதியது மட்டும் நான்.

வேலை விஷயத்தில் ஐ.பி.எஸ். (Individual Placement and Support) முறையைக் கட்டாயம் படி. முதலில் பயிற்சி, பிறகு வேலை என்பதைத் திருப்பிப் போட்டு, ஆள் விரும்புகிற வேலையையே நேராகத் தேடிக் கொடுத்து, சேர்ந்த பிறகு கூட நின்று தாங்குகிற முறை அது. நம்மூரில் மனநலம் என்றால் உடனே மெழுகுவர்த்தி, காகிதக் கவர். துறைமுகத்தில் வேலை பார்த்தவரை உட்கார வைத்துக் கவர் ஒட்டச் சொல்வதில் எனக்கு உடன்பாடே இல்லை.

ராயபுரம் பைபோலார்:

பைபோலார் (இருதுருவ மனநிலைக் கோளாறு) நோய் உள்ளவன் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். மேலே மூலக்கடை அக்கா சொன்னது சரி, ஆனால் இந்த ரெகவரி என்ற சொல்லை வைத்து ஃபைலை மூடுகிற வேலையும் நடக்கிறது, அதையும் படிப்பில் சேர்த்துக்கொள். 'நீ தேறிட்ட' என்று சொல்லி ஒரு இடத்தில் கவுன்சலிங்கை நிறுத்தினார்கள். தேறியதால்தான் அது எனக்கு உபயோகமாக இருந்தது என்பது அவர்களுக்குப் புரியவில்லை.

என்னைத் தூக்கி நிறுத்தியது எங்கள் தெரு கேரம் கிளப். இரண்டு தடவை அட்மிட் ஆகி வந்த பிறகும் "என்னா மச்சான், வர்றியா" என்று வாசலில் வந்து கூப்பிட்டார்கள். கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரையே திட்டாக்கி வைத்திருக்கிற சென்னையில் அது சாதாரணம் இல்லை. சைமில் முதல் அம்சம் உறவு என்று படித்திருக்கிறாயே, எங்கள் ஏரியாவில் அதற்கு இடம் கேரம் போர்டு.

இன்னொன்று, 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தை எடுத்துப் படி. 5ஆம் பிரிவில் முன்கூட்டிய விருப்ப ஆவணம், 14ஆம் பிரிவில் நமக்காகப் பேச நாமே நியமிக்கிற ஆள். எந்த மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளாது, எப்படிக் கவனிக்கணும், எப்படிக் கவனிக்கக் கூடாது என்று தெளிவாக இருக்கும்போதே எழுதி வைத்திருக்கிறேன். என் ஆளாக அண்ணனைப் போடவில்லை, அக்காவைப் போட்டேன், வீட்டில் ஒரு வாரம் சண்டை. அவசர சிகிச்சைக்கு அந்த ஆவணம் கட்டுப்படுத்தாது, மனநல மறுஆய்வு வாரியம் அதை மாற்றவும் முடியும், அது தெரிந்துதான் எழுதினேன். அந்த காசிமேடு அண்ணனிடம் இதையெல்லாம் யாராவது சொல்லியிருக்கிறார்களா?

ஒரு அக்கா:

தம்பிக்கு இந்த நோய், பார்த்துக்கொள்கிறவள் நான். எல்லாரும் அந்த அம்மாவைத் தடையாகவே பேசுகிறீர்கள். மாத்திரையை நிறுத்தி மகன் எங்கேயோ கிளம்பிப் போய், ஸ்டேஷன் ஸ்டேஷனாகத் தேடிய ராத்திரி அந்த அம்மாவுக்கு இருந்திருக்கும். 'உங்களுக்கு எதுக்கும்மா பயம்?' என்று அவரிடமும் தனியாகக் கேளுங்கள். 2001 ஆகஸ்டில் ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியோடு 28 பேர் தீயில் போனார்களே, அவர்களைக் கொண்டுபோய் விட்டதும் வேறு வழி தெரியாத குடும்பங்கள்தான். இப்போது சங்கிலி இல்லை, ஆனால் மாத்திரை டப்பா, பேங்க் புக், போன் எல்லாம் எங்கள் கையில்தான் இருக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். நான் ஒவ்வொன்றாக விட்டேன். முதலில் போன், அப்புறம் மாத்திரை டப்பா. பேங்க் புக் இன்னும் என்னிடம்தான்.

யாரும் பேசாத ஒன்று: ஊனமுற்றோர் சான்றிதழ். உதவிகள் கிடைக்க 40 சதவீதம் காட்டணும், அதற்கு ஐடியாஸ் (IDEAS) என்கிற ஊனத்தை மதிப்பிடும் அளவுகோலில் சுயபராமரிப்பு, பழகுவது, பேச்சு, வேலை இந்த நாலிலும் என்ன முடியாது என்று சொல்லணும். திங்கட்கிழமை 'முடியாது' என்று எழுதி வாங்கிவிட்டு, செவ்வாய்க்கிழமை 'உன்னால முடியும் தம்பி' என்று சொன்னால் அவன் எதை நம்புவான்? வாத்தியாரிடம் கேட்டுச் சொல்லு.

மூலக்கடை சோஷியல் ஒர்க்கர்:

அக்கா கேட்டதற்கு என்னிடம் நேரான பதில் இல்லை. சான்றிதழ் எதற்கு என்பதை அவரிடமே விளக்கி, அவர் சம்மதத்தோடு போவது மட்டும்தான் நான் செய்வது.

வெளிநாட்டு முறையா என்று கேட்டாய் இல்லையா. அமெரிக்காவின் வெர்மான்ட்டில் வருடக்கணக்காக மனநல மருத்துவமனையில் கிடந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் பின்னாளில் நன்றாகத் தேறியிருந்ததை 1987இல் ஹார்டிங் குழு காட்டியது உண்மைதான். ஆனால் மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984இல் இங்கே சென்னையில் ஸ்கார்ஃப் (SCARF) என்கிற ஸ்கிசோஃப்ரினியா ஆய்வு அமைப்பைத் தொடங்கினார், அங்கே டாக்டர் தாரா குழு முதல்முறை ஸ்கிசோஃப்ரினியா வந்தவர்களைப் பல வருடம் பின்தொடர்ந்து ஆய்வு செய்தது, அதைத் தேடிப் படி. பேனியன் என்கிற மனநல அமைப்பின் ஹோம் அகெய்ன் திட்டத்தையும் பார், நீண்ட காலம் நிறுவனத்தில் இருந்தவர்கள் நாலைந்து பேராகச் சாதாரண தெருவில் வாடகை வீட்டில் குடியிருக்கிறார்கள்.

கொருக்குப்பேட்டை மாணவி:

எல்லாருக்கும் நன்றி. வெளியே கூட்டிப் போய்ப் பேசினேன். டீக்கடையில் ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை, அப்புறம் "வலை சரிபண்ற வேலை எனக்கு நல்லா வரும், கை நடுங்குது, அதான் யாரும் கூப்பிடல" என்றார். அதைத்தான் கட்டத்தில் எழுதினேன். நடுக்கம் மருந்தாலா என்று அடுத்த ஓ.பி.யில் டாக்டரிடம் நான் கேட்கலாமா?

ராயபுரம் பைபோலார்:

நீ கேட்காதே. அவர் கேட்கட்டும், நீ பக்கத்தில் உட்கார். ஓ.பி.யில் இரண்டு நிமிஷம்தான் கிடைக்கும், அதனால் கேள்வியை ஒரு சீட்டில் அவர் கையெழுத்திலேயே எழுதி எடுத்துக்கொண்டு போகச் சொல். கை நடுங்குகிற எழுத்தையும் டாக்டர் பார்க்கட்டும்.