டி4 ஃபேஜ் கண்ணாடிச் சிற்பம்: கால் ஒட்டிய இடத்தில் விரிசல்

ஊதுகுழல்:
பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸான டி4 பாக்டீரியோஃபேஜை 5 லட்சம் மடங்கு பெரிதாக்கிச் செய்கிறேன். தலை 6 செ.மீ. உயரம், 4.3 செ.மீ. அகலம், வால் 5 செ.மீ. தலையை 28 மி.மீ. குழாயில் ஊதினேன். வாலுக்கு 12 மி.மீ. ராடு, ஆறு கால்களுக்கும் 4 மி.மீ. ராடு. எல்லாமே 3.3 போரோசிலிக்கேட் (சூட்டில் குறைவாக விரியும் கண்ணாடி, சுருக்கமாக போரோ), டார்ச் ஆக்சிஜன்-எல்பிஜி. முடித்ததும் வெர்மிகுலைட்டில் (சூட்டைத் தக்கவைக்கும் கனிமத் துகள்) புதைத்து ஆற விடுகிறேன். மறுநாள் பார்த்தால் முதலில் ஒட்டிய கால்களின் அடியில் பிறை மாதிரி விரிசல். கடைசி இரண்டுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஏன்? கால்களை மட்டும் வளையல் கண்ணாடிக் குச்சியில் நீலமாகச் செய்யலாமா?

சூளையடி:
முதலில் ஒட்டியதில்தான் விரிசல் விழுகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். நாலாவது காலை ஒட்டும்போது முதல் கால் தீக்கு வெளியே நிற்கிறது. 4 மி.மீ. ராடு சட்டென்று ஆறிவிடும், 12 மி.மீ. கட்டி வால் சூட்டை விடாது. அந்த வித்தியாசம் மூட்டில் இழுவிசையாகத் தங்கிவிடுகிறது. ஒவ்வொரு கால் ஒட்டியதும் அகலமான மென்தீயில் அடிப்பகுதி முழுவதையும் சுற்றிக் காட்டுங்கள். வரிசையையும் எதிரெதிராக மாற்றுங்கள்: 1, 4, 2, 5, 3, 6.

வெர்மிகுலைட் ஆறுவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான், அனீலிங் (கண்ணாடியைச் சூட்டில் வைத்து, மெல்ல ஆற்றி உள்ளே தங்கிய இழுவிசையைப் போக்குவது) ஆகாது. மின்சூளையில் 565 டிகிரியில் 45 நிமிடம் வையுங்கள். 510 வரை நிமிடத்துக்கு 1 டிகிரி, அங்கிருந்து 370 வரை நிமிடத்துக்கு 3 டிகிரி என்று இறக்கி, அணைத்துவிட்டுக் கதவைத் திறக்காமல் விட்டுவிடுங்கள். சூடு ஏறிப்போனால் கால்கள் தொய்யும், செராமிக் ஃபைபரால் முட்டுக் கொடுங்கள்.

வளையல் குச்சி வேண்டவே வேண்டாம். அது சோடா-லைம் என்ற சாதாரணக் கண்ணாடி, சூட்டில் விரியும் அளவு போரோவைப்போல இரண்டரை மடங்குக்கும் மேல். ஒட்டும்போது அழகாக ஒட்டும், ஆறும்போது தெறிக்கும்.

கிராஃபைட்:
வாலுக்கு ராடு எதற்கு? 2 மி.மீ. சுவருள்ள 12 மி.மீ. குழாய் போடுங்கள். மூட்டின் இரு பக்கமும் சூடு கிட்டத்தட்டச் சமமாகும். தலைக்குள் இருக்கும் காற்றுக்கும் வழி கிடைக்கும். மூடிய தலையைச் சுட்டால் உள்காற்று விரிந்து, கிராஃபைட் துடுப்பால் தட்டையாக்கிய முகங்கள் மறுபடி உப்பிவிடும்.

மூட்டையும் லென்ஸில் பாருங்கள். காலும் வாலும் சேரும் இடத்தில் கூர்மையான பள்ளம் தெரிந்தால் விரிசல் அங்கேதான் தொடங்கும். இரண்டு பக்கமும் ஒரே ஆரஞ்சுக்கு வந்தபின் தொட்டு, லேசாக அழுத்தி, பள்ளம் உருகிச் சரிவாகும் வரை கூர்தீயில் வைத்து, பிறகு துளி இழுத்து விடுங்கள். தொட்டதும் ஒட்டிக்கொண்டது என்று நிறுத்தினால் அது மூட்டே இல்லை. (நிஜ அளவுப்படி கால் 2 மி.மீ.தான் வரும். 4 மி.மீ. வைத்தது சரிதான், 2 தாங்காது.)

ஊதுகுழல்:
சூளை கிடைத்துவிடும். அனீலிங் சரியாக ஆகியிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கண்ணாடிக்குள் தங்கிய இழுவிசையைக் காட்டும் போலாரிஸ்கோப் என்னிடம் இல்லை.

கிராஃபைட்:
எல்சிடி லேப்டாப்பில் வெள்ளைத் திரை வையுங்கள். அந்த ஒளி ஏற்கெனவே போலரைஸ் ஆனதுதான் (ஒரே திசையில் அதிர்வது). போலராய்டு கூலிங் கிளாஸைத் திரை கறுப்பாகும் வரை திருப்பி, நடுவில் சிற்பத்தைப் பிடியுங்கள். மூட்டைச் சுற்றி வெளிச்சத் திட்டு தெரிந்தால் தகைவு (உள்ளே தங்கிய இழுவிசை) மிச்சம் இருக்கிறது, மறுபடி சூளைக்குப் போகவேண்டும். நன்றாக ஆறியபின் பாருங்கள்; சூடாக இருந்தால் தற்காலிகத் தகைவும் தெரிந்து குழப்பும். சில கோணங்களில் திட்டு மறைந்துபோகும், அதனால் 45 டிகிரி சுழற்றியும் பார்க்கவேண்டும்.

நிறமிலி:
நீலம் எதற்கு என்பதே என் கேள்வி. டி4-இன் மொத்த நீளம் சுமார் 200 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமோ 400-க்கு மேல். ஒளி அலையைவிடச் சிறியதற்கு நிறம் என்று ஒன்று இல்லை. பிரிட்டிஷ் கலைஞர் லூக் ஜெரம் 2004-இல் தொடங்கிய வைரஸ் சிற்பங்களை நிறமே இல்லாமல் செய்ததும் இதனால்தான். அப்படியும் நிறம் வேண்டுமென்றால் போரோவுக்கென்றே வரும் கோபால்ட் நீல ராடு வாங்குங்கள்.

பசை என்றால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் கண்ணாடிக் கலைஞர்களான பிளாஷ்கா தந்தையும் மகனும் கண்ணாடியில் செய்த கடலுயிர் மாதிரிகளில் பசையும் கம்பியும் தாராளமாகவே பயன்படுத்தினார்கள். கழுத்திலுள்ள மெல்லிய இழைகளை யூவி பசையில் (புற ஊதா ஒளியில் இறுகும் பசை) ஒட்டலாம். அனீலிங் முடிந்தபிறகு, அசிட்டோனில் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். சூளைக்குள் போனால் பசை கருகும். சிற்பத்தின் எடையைத் தாங்கும் ஆறு கால்களுக்குப் பசை கூடாது, நாளடைவில் மெல்ல நகர்ந்து சாய்ந்துவிடும்.