வைஃபை நன்றாக ஓடுகிறது, லாக் ஃபைல் டிஸ்க்கை விழுங்குகிறது: நோஏஇஆர் போட்டுவிடலாமா?

பழையலேப்டாப்:
வணக்கம். உபுண்டு போட்ட பழைய லேப்டாப். லாகினில் பாஸ்வேர்டு கொடுத்தால் திரை கறுத்து மறுபடி அதே லாகினுக்கே வந்து நிற்கிறது. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி கறுப்புத் திரைக்குப் போய்ப் பார்த்தால் ரூட் பார்ட்டிஷன் 100 சதவீதம் நிரம்பியிருக்கிறது. வார்/லாக் உள்ளே சிஸ்லாக் மட்டும் 38 ஜிபி, பக்கத்தில் கெர்ன்.லாக் கிட்டத்தட்ட அதே அளவு. உள்ளே மேலிருந்து கீழ்வரை இதுதான்:

பிசிஐஇபோர்ட் 0000:00:1சி.5: ஏஇஆர்: கரெக்டட் எரர் ரிசீவ்டு
பிசிஐஇ பஸ் எரர்: சிவியரிட்டி=கரெக்டட், டைப்=பிசிக்கல் லேயர்
[ 0] ஆர்எக்ஸ்எர்

வைஃபை டிரைவரை மோட்ப்ரோப் வைத்துக் கழற்றினால் சத்தம் நின்றுவிடுகிறது, திரும்ப ஏற்றினால் ஆரம்பிக்கிறது. ஆனால் நெட் ஒருமுறைகூட அறுந்ததில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், பெரிய ஃபைல் இறக்கும்போது வரிகள் குறைகின்றன, சும்மா இருக்கும்போதுதான் கொட்டுகின்றன. பிசிஐ=நோஏஇஆர் (இந்தப் பிழை அறிவிப்பையே அணைக்கும் ஆப்ஷன்) என்று பூட் லோடரான கிரப்பில் போட்டால் போதும் என்று பலரும் சொல்கிறார்கள். போடலாமா? இன்னொன்று, சிஸ்லாக்கை ஆர்எம் கொடுத்து அழித்த பிறகும் இடம் திரும்பவில்லையே, ஏன்?

(தமிழ் கீபோர்டில் அடிக்கிறேன், கட்டளைகளை அதற்குரிய எழுத்தில் படித்துக்கொள்ளுங்கள்.)

கறுப்புத்திரை:
முதலில் இடத்தைப் பார்ப்போம். நீங்கள் அழித்தது பெயரை மட்டும்தான். லாக் எழுதும் சேவையான ஆர்சிஸ்லாக் அந்த ஃபைலை இன்னும் திறந்தே வைத்திருக்கிறது, அது விடும்வரை டிஸ்க்கில் இடம் விடுபடாது. சிஸ்டம்சிடிஎல் மூலம் ஆர்சிஸ்லாக்கை ரீஸ்டார்ட் செய்யுங்கள், உடனே இடம் வரும். கெர்ன்.லாக்கை அழிக்க வேண்டாம், சூடோ ட்ரன்கேட் -எஸ் 0 என்று போட்டு ஃபைல் பெயரைக் கொடுத்தால் ஃபைல் இருக்கும், உள்ளே காலியாகிவிடும்.

சிஸ்டம்டி ஜர்னல் என்ற இன்னொரு லாக்கைச் சந்தேகப்பட வேண்டாம். அது தானாகவே பார்ட்டிஷனில் 10 சதவீதம், அதிகபட்சம் 4 ஜிபி என்று நிறுத்திக்கொள்ளும். ஆர்சிஸ்லாக்குக்கு அந்த அடக்கம் கிடையாது. பழைய லாக்கை ஒதுக்கும் லாக்ரொட்டேட் சாதாரணமாக நாளுக்கு ஒருமுறைதான் எட்டிப் பார்க்கும், அதற்குள் உங்கள் டிஸ்க் நிரம்பிவிடுகிறது.

நோஏஇஆர் போடுங்கள், வேலை முடிந்தது. கரெக்டட் என்று அதுவே சொல்கிறதே, அப்புறம் என்ன கவலை?

பஸ்பயணி:
இடம் பற்றி அவர் சொன்னது சரி, கடைசி வரியில்தான் எனக்கு உடன்பாடில்லை. ஏஇஆர் என்பது பிசிஐஇ (கார்டு, டிஸ்க் எல்லாவற்றையும் போர்டோடு இணைக்கும் பாதை) லிங்க்கில் நடக்கும் பிழைகளைக் கெர்னலுக்குச் சொல்லும் ஏற்பாடு. நோஏஇஆர் போட்டால் இந்த வைஃபை கார்டு மட்டுமல்ல, என்விஎம்இ டிஸ்க், கிராபிக்ஸ் கார்டு என்று எல்லாருடைய வாயும் அடைபடும். நாளைக்கு டிஸ்க் பக்கம் அன்கரெக்டட், ஃபேட்டல் என்று உண்மையான பிழை வந்தாலும் லாக்கில் ஒன்றும் இருக்காது.

கரெக்டட் என்றால் ஹார்டுவேரே சமாளித்துவிட்டது என்று அர்த்தம். பாக்கெட் கெட்டுப்போனால் லிங்க் லேயர் மறுபடி அனுப்பச் செய்யும், டேட்டா தொலையாது. அதனால்தான் உங்கள் நெட் அறுவதில்லை. லாக்கில் வரும் 1சி.5 என்பதும் வைஃபை கார்டு அல்ல, அது செருகியிருக்கும் ரூட் போர்ட். எல்எஸ்பிசிஐ -டிவி கொடுத்தால் எந்தப் போர்ட்டுக்குக் கீழே எது இருக்கிறது என்று மரம் மாதிரி காட்டும், ஒருமுறை பார்த்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

சும்மா இருக்கும்போது கொட்டுகிறது என்றீர்களே, அதுதான் துப்பு. வேலை இல்லாதபோது மின்சாரம் மிச்சம் பிடிக்க லிங்க்கைத் தூங்க வைப்பதற்கு ஏஎஸ்பிஎம் என்று பெயர். எல்0எஸ், எல்1 என்று அதில் நிலைகள் உண்டு. சில கார்டும் சில போர்டும் சேர்ந்தால் தூங்கி விழிக்கும் ஒவ்வொரு முறையும் சிக்னல் கொஞ்சம் தடுமாறும், ஆர்எக்ஸ்எர் (வாங்கும் பக்கப் பிழை) வரும். பெரிய ஃபைல் இறங்கும்போது லிங்க் தூங்கவே நேரமில்லை, அதனால் சத்தமும் குறைவு.

ஆகவே முதலில் ஏஎஸ்பிஎம்மை நிறுத்திப் பாருங்கள். கிரப் ஃபைலில் எழுதுவதற்கு முன்னால், பூட் மெனுவில் இ அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்.பாலிசி=பெர்ஃபார்மன்ஸ் சேர்த்து பூட் செய்யுங்கள். ஏதாவது கோளாறானால் ரீபூட் செய்தாலே பழையபடி ஆகிவிடும்.

கறுப்புத்திரை:
எல்லாரும் பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்=ஆஃப் என்றுதானே போடுகிறார்கள், அது சுருக்கமாகவும் இருக்கிறது?

பஸ்பயணி:
பெயர்தான் ஆஃப். அது செய்வது, கெர்னல் ஏஎஸ்பிஎம் பக்கமே போகாமல் இருப்பது மட்டும்தான். பயோஸ் ஏற்கனவே ஆன் செய்து வைத்திருந்தால் அது அப்படியே ஆனாகத்தான் இருக்கும். சிலருக்கு அது வேலை செய்து சிலருக்குச் செய்யாததற்கு இது ஒரு காரணம். பெர்ஃபார்மன்ஸ் பாலிசிதான் உண்மையில் நிறுத்தும். சூடோ எல்எஸ்பிசிஐ -விவி கொடுத்து லிங்க் அமைப்பைக் காட்டும் எல்என்கேசிடிஎல் வரியைப் பாருங்கள், ஏஎஸ்பிஎம் டிஸேபிள்டு என்று இருக்க வேண்டும். எல்1 எனேபிள்டு என்றே நின்றால் பயோஸ் கட்டுப்பாட்டைக் கெர்னலிடம் கொடுக்கவில்லை என்று சந்தேகிக்கலாம், அப்போது பயோஸ் மெனுவில்தான் தேட வேண்டும்.

ஸ்க்ரூடிரைவர்:
இடையில் ஒரு வார்த்தை. பழைய லேப்டாப் என்கிறீர்கள். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி இணைப்பையும் எடுத்துவிட்டு, கார்டைக் கழற்றி, அந்தப் பொன்னிறக் காண்டாக்ட்டை நல்ல ரப்பரால் லேசாகத் தேய்த்துத் திரும்பச் செருகிப் பாருங்கள். ஸ்லாட்டில் சரியாக உட்காராத கார்டும் இதே பிசிக்கல் லேயர் பிழையைத்தான் தரும். ஆன்டெனா வயர் இரண்டையும் எது எங்கே இருந்தது என்று போட்டோ எடுத்துக்கொள்வது நல்லது. சர்வீஸ் கடைக்குப் போனால் முதலில் போர்டை மாற்றச் சொல்வார்கள், அவசரப்பட்டுத் தலையாட்டிவிடாதீர்கள்.

பழையலேப்டாப்:
ஆர்சிஸ்லாக் ரீஸ்டார்ட், ட்ரன்கேட் செய்ததும் இடம் வந்துவிட்டது, லாகினும் ஆகிறது. பாலிசியை மாற்றி பூட் செய்தேன், எல்என்கேசிடிஎல்லில் டிஸேபிள்டு என்று காட்டுகிறது. கொட்டுவது நின்றுவிட்டது, பூட் ஆகும்போது மட்டும் இரண்டு மூன்று வரி. கார்டை இன்னும் கழற்றவில்லை, அதற்குரிய ஸ்க்ரூடிரைவர் இல்லை. பேட்டரி இதனால் சீக்கிரம் தீருமா?

பஸ்பயணி:
கொஞ்சம் குறையும், எவ்வளவு என்பது மெஷினைப் பொறுத்தது. இந்தப் பாலிசி எல்லா லிங்க்குக்கும் பொருந்தும், டிஸ்க்கும் சேர்த்துத்தான். மின்செலவைக் காட்டும் பவர்டாப் போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். சரியென்று பட்டால் கிரப் ஃபைலில் எழுதி அப்டேட்-கிரப் கொடுத்து நிரந்தரமாக்கலாம்.

பூட்டில் வரும் இரண்டு மூன்று வரியை விட்டுவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் சிஸ் ஃபோல்டரில் அந்த 1சி.5 போர்ட்டின் கீழே ஏஇஆர்_டெவ்_கரெக்டபிள் என்று ஒரு ஃபைல் இருக்கும், ஆர்எக்ஸ்எர் எத்தனை என்று எண்ணிக்கை காட்டும். இன்று பார்த்து அடுத்த வாரம் பாருங்கள், ஏறாமல் இருந்தால் நிம்மதி. நோஏஇஆர் போட்டிருந்தால் இந்த எண்ணிக்கையும் கிடைத்திருக்காது.

கறுப்புத்திரை:
கெர்னல் 6.16 முதல் இந்தக் கரெக்டட் வரிகளுக்கு ரேட் லிமிட் (எழுதும் வேகத்துக்கு வரம்பு) வந்துவிட்டது, அதனால் புதிய கெர்னலில் ஒரே வரி இப்படி ஜிபி கணக்கில் சேராது. அப்டேட் செய்ய முடிந்தால் செய்துவிடுங்கள். நோஏஇஆரை நானும் என் மெஷினிலிருந்து எடுத்துவிட்டுப் பார்க்கிறேன்.