டார்க்டேபிள்: மொத்தமா எடிட் ஒட்டினா நிறமும் கிராப்பும் போகுது, உதவி வேணும்

கேள்வி: கல்யாண ஷூட், 600 ரா ஃபைல் (கேமரா கொடுத்த பதப்படுத்தாத படம்), டார்க்டேபிள்ங்கிற போட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேர்ல பண்றேன். மண்டபத்துக்குள்ள எடுத்த ஒரு படத்துக்கு பிக்கர்ல (படத்துல ஒரு இடத்தைத் தொட்டு நிறம் எடுக்கிற கருவி) வொயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாத் தெரிய நிறத்தைச் சரிபண்றது) எடுத்து எடிட்டை முடிச்சிட்டு, லைட்டேபிள்ல (எல்லாப் படமும் வரிசையாத் தெரியுற திரை) கண்ட்ரோல்+சி, மத்ததை எல்லாம் செலக்ட் பண்ணி கண்ட்ரோல்+வி. வாசல்ல வெயில்ல எடுத்ததெல்லாம் நீலம் அடிக்குது. முன்னாடியே கிராப் பண்ணி வச்ச 40 படத்துல அந்த கிராப்பும் காணோம். எக்ஸ்போர்ட்டும் ஆமை வேகம்.

பதில் 1: டார்க்டேபிளை மூடாம, லைட்டேபிளை விட்டும் வெளிய போகாம இருந்தா முதல்ல லைட்டேபிள்லயே கண்ட்ரோல்+இசட் அடிங்க, ஒட்டினது கழண்டுடும். அப்புறம் ஹிஸ்டரி ஸ்டாக் (எடிட் வரலாறு) பேனல்ல மோட் என்னன்னு பாருங்க. ஓவர்ரைட்னா அந்தப் படத்தோட பழைய எடிட் மொத்தமும் அழியும், அப்பெண்ட் (பழைய எடிட்டோட சேர்த்து ஒட்டுறது) வைங்க. அப்பெண்ட்லயும் மூலப் படத்துல கிராப் இருந்தா அதுவும் சேர்ந்து போகும். அதனால கண்ட்ரோல்+ஷிஃப்ட்+சி (எதைக் காப்பி பண்ணணும்னு தேர்ந்தெடுக்கிறது) அடிச்சு கிராப், ரொட்டேட், மாஸ்க் போட்ட (படத்துல ஒரு பகுதிக்கு மட்டும் வேலை செய்யுற) மாட்யூல் எல்லாத்துலயும் டிக்கை எடுத்துட்டு காப்பி பண்ணுங்க.

பதில் 2: நீலத்துக்குக் காரணம் பிக்கர். பிக்கர்ல எடுத்த வொயிட் பேலன்ஸ் ஒரு நிலையான எண். மஞ்ச பல்புக்கு எடுத்ததை வெயில் படத்துல வச்சா நீலம்தான் வரும். மண்டபம், வாசல், ஃபிளாஷ்னு வெளிச்சவாரியா கலர் லேபிள் போட்டுப் பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு மாதிரிப் படம் வைங்க. நிறம் சம்பந்தப்பட்டதை அந்தக் கூட்டத்துக்குள்ள மட்டும் ஒட்டுங்க. மாப்பிள்ளை வேட்டியில பிக்கர் வைக்காதீங்க. நீலம் போட்டுத் துவைச்ச வெள்ளை, படம் மஞ்சளாயிடும். கிரே கார்டு (நிறம் சரிபார்க்கிற சாம்பல் அட்டை) வச்சு எடுத்த படம் இருந்தா தேவலை. மேடையில ஊதா எல்இடி அடிச்ச படங்களை இதுல சேர்க்காதீங்க, அதை ஒண்ணொண்ணாத்தான் பார்க்கணும்.

கேள்வி கேட்டவர்: கண்ட்ரோல்+இசட்ல கிராப் வந்துடுச்சு, நன்றிண்ணா. நாய்ஸ் (புள்ளி புள்ளியாத் தெரியுறது) குறைக்கிறதையும் ஐஎஸ்ஓ (கேமராவோட ஒளி உணர்திறன் அளவு) வாரியா பிரிக்கணுமா?

பதில் 2: வேண்டாம். டீநாய்ஸ் ப்ரொஃபைல்ட்ங்கிற நாய்ஸ் குறைக்கிற மாட்யூல்ல ப்ரொஃபைலைக் கையால மாத்தாம விட்டா, ஒவ்வொரு படத்தோட ஐஎஸ்ஓவுக்கும் அதுவே பொருத்திக்கும்.

பதில் 3: வேகத்துக்கு: செட்டிங்ஸ்ல ப்ராசஸிங் பக்கம் போய் ஓபன்சிஎல் (கிராபிக்ஸ் கார்டை வேலைக்குப் பயன்படுத்துறது) ஓடுதான்னு பாருங்க. டிஃப்யூஸ் ஆர் ஷார்ப்பன் மாட்யூல் போட்டிருந்தா இட்டரேஷனை (திரும்பத் திரும்பச் செய்யுற எண்ணிக்கை) குறைங்க, நேரத்தை அதிகம் தின்னுறது அதுதான். வாட்ஸ்அப்புக்கு அனுப்புற சின்ன சைஸ்னா எக்ஸ்போர்ட்ல ஹை குவாலிட்டி ரீசாம்ப்ளிங் வேண்டாம். அது முழு சைஸ்ல வேலையை முடிச்சிட்டுத்தான் சுருக்கும். ஆல்பத்துக்கு மட்டும் ஆன் பண்ணுங்க. 600ஐயும் விடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கூட்டத்துலயும் ரெண்டு படம் எக்ஸ்போர்ட் பண்ணி 100 சதவீத ஜூம்ல பாருங்க.